அக்காவைக் காவலில் வைத்த பூங்கா

சென்னை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவன் நானேதான். நைனார்பாளையத்தில் உரக்கடை வைத்திருந்த காலத்தில், கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டுக் கூப்பிடும்போதெல்லாம் பஸ் ஏறிப் போவேன். விடிகாலையில் பாரிமுனையில் இறங்குவேன். பின்தெரு லாட்ஜில் குளித்து, கூட்டத்தில் தூங்கி, கம்பெனி போடும் பிரியாணியைத் தின்றுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவேன். நான் பார்த்த சென்னை அவ்வளவுதான். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லும்போது கடற்கரையும் கலங்கரை விளக்கமும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். யூரியா மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு நான் சுற்றிக்காட்டிய சென்னையை நிஜச் சென்னைக்காரன் பார்த்திருந்தால் குடிபெயர்ந்து வந்திருப்பான்.

ஒரு வருஷம் மாசி மாதத்தில் என் மனைவி அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தோ பாருங்க, சும்மாதான் சொல்றேன், பயந்துக்காதீங்க" என்று ஆரம்பித்தாள். மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. அவள் பயப்படாதே என்று சொன்னதே எனக்குப் பயமாகிவிட்டது. கள்ளக்குறிச்சி டாக்டர் அம்மா தொட்டுப் பார்த்ததுமே சீட்டு எழுதிச் சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுக் கொஞ்சம் சதையை எடுத்துக்கொண்டு, "சோதனைக்குப் போவுது. ரெண்டு பேரும் வந்துடுங்க, நேர்லயே சொல்றேன்" என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர் அம்மா. அடுத்த வாரம் சனிக்கிழமை, சாயந்திரம் நாலு மணி. அதைத் தாண்டினால் அவர் ஆபரேஷனுக்குப் போய்விடுவார், பிறகு திங்கட்கிழமைதான்.

அந்த 'நேர்லயே' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வாரம் தூங்கவில்லை. நல்ல சேதியாக இருந்தால் எதற்கு நேரில்? சரி, எல்லோரையும் நேரில்தான் கூப்பிடுவார்களோ என்னவோ. இப்படியே புரட்டிப் புரட்டிப் போட்டோம். பகலில் கடையில் உட்கார்ந்து பொட்டாஷ் கேட்டவனுக்குப் பூச்சிமருந்து கொடுத்தேன்.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். காரணம் இருந்தது. அவளுடைய தங்கையை என் அக்கா புருஷனின் அண்ணன் மகனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சைக் கொண்டுவந்ததே அக்காதான். பெண்ணின் அக்காவுக்கு இந்த மாதிரி என்று காதில் விழுந்தால், அந்தக் குடும்பத்துக்கே ஓடுகிற வியாதி என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் அக்கா கெட்டவள் இல்லை. அவள் காதில் காலையில் விழுந்தது சாயந்திரத்துக்குள் மாப்பிள்ளை வீடு இருக்கிற சின்னசேலம் போய்ச் சேர்ந்துவிடும், அவ்வளவுதான். தவிர, என் மனைவிக்கும் அக்காவுக்கும் ஆரம்பத்திலிருந்தே அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. சண்டை போட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒருத்தி வைத்த குழம்பை இன்னொருத்தி "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்கிற உறவு.

ஊசி போடப் போனபோது எனக்குக் கம்பெனிக் கூட்டம், அவள் பிறந்த வீட்டுக்குப் போகிறாள் என்று சொல்லித் தப்பித்தோம். இந்தத் தடவை என்ன சொல்வது? என் மூளைக்கு எட்டியது ஒன்றே ஒன்று. "கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல அவள ஒரு எடம் இட்டுக்கினு போனதில்ல. மெட்ராஸ சுத்திக் காட்டிட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்கே அக்காவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை அக்கா பையும் கையுமாக வாசலில் நிற்கிறாள்.

"பொண்டாட்டிய மட்டும் இட்டுக்கினு போவியா? கூடப் பொறந்தவ கண்ணுக்குத் தெரியலியா?"

"இல்லக்கா, வெயிலு ஜாஸ்தி, ஒனக்குக் காலு வேற..."

"காலு என்னுதுடா, ஒனக்கு இன்னா? நானும் வரேன். மூணு பேரா கெளம்பக் கூடாது, அதனால உங்க மாமாவையும் வரச் சொல்லிட்டேன்."

மூன்று பேராகக் கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சட்டம். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கூழாங்கல்லையாவது பையில் போட்டுக்கொண்டு நாலாக்குவார்கள். நான் கல்லே போதும் என்றேன். அக்கா முறைத்தாள்.

அக்காவைக் கச்சிராயபாளையத்தில் கொடுத்திருந்தோம். கல்வராயன் மலை அடிவாரம். மாமா மலைமேல் வாரச்சந்தையில் புளியும் கடுக்காயும் வாங்கிவந்து கீழே விற்கிறவர். மாசி பங்குனியில் அக்கா வீட்டு வாசலில் புளி குவிந்து கிடக்கும். ஆள் வைத்து ஓடு தட்டி, கொட்டை நீக்கி, நார் உருவி, உருட்டி எடுத்து வைப்பதெல்லாம் அக்காவின் ராஜ்யம். வேலைக்காலத்தில் அவள் கிளம்பி வந்ததிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும், எவ்வளவு ஆசை என்று. நான் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. நாலு மணிக்கு இவர்களை எங்கே கழற்றிவிடுவது என்பது ஒன்றுதான் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை, மாமாவைத் தவிர. அவர் என் தோளில் தூங்கினார். பாரிமுனையில் இறங்கும்போது என் ஒரு பக்கத் தோள் எனக்குச் சொந்தமில்லாமல் மரத்துப் போயிருந்தது. கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி, ஒரு கையேந்தி பவனில் இட்லி தின்றோம். நாலு மணி வரைக்கும் ஒரு பகல் முழுசாக எதிரே கிடந்தது, கரும்பு வெட்டாத காணி மாதிரி.

முதலில் கடற்கரை. அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்று கும்பிட்டாள். மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா மச்சான், எம்மாந் தண்ணி! இருந்து இன்னா பிரயோசனம்? ஒரு காணி பாயுமா?"

"பாயாது மாமா, உப்பு."

"அதான் சொல்றேன்."

மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னா மணி?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இப்ப?" என்றாள். மணி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.

அடுத்து கலங்கரை விளக்கம். கிட்டே போனால் பூட்டு. மேலே யாரையும் விடுவதில்லையாம், விட்டே ரொம்ப வருஷம் ஆகிறதாம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ மேல ஏறி நின்னு கப்பல எண்ணுனேன்னு சொன்னியேடா?"

"அது... அப்ப தெறந்து இருந்துச்சிக்கா."

"அப்பன்னா எப்ப? நீ பொறக்கறதுக்கு முன்னாடியா?"

மாமா சிரித்த சிரிப்பில் சுண்டல்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் என் மனைவியும் சிரித்திருப்பாள். எனக்காகச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அங்கிருந்து எழும்பூர் மியூசியம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய ஆட்கள் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜு' என்றும் மிருகக்காட்சி சாலைக்கு 'உசுரு காலேஜு' என்றும் பேர் வைத்திருந்தார்கள். "செத்த காலேஜு பாக்காத மெட்ராஸா?" என்று அக்கா பிடித்த பிடி. எனக்கு அந்தப் பேரே அன்றைக்குப் பிடிக்கவில்லை. வழி கேட்டால் என் மானம் போகும் என்று நானாக ஒரு பஸ்ஸில் ஏற்றி, அது வேறெங்கோ போய், இறங்கி, வெயிலில் நடந்து, கடைசியில் ஒரு ரிக்‌ஷாக்காரர், "பின்னாடிதாம்பா இருக்குது, தாண்டி வந்துட்ட" என்றார். அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. புருஷனிடம் சொன்னாள்: "நல்லா தெரிஞ்சவன் கூட வந்தது நல்லதாப் போச்சி."

திமிங்கில எலும்புக்குக் கீழே மாமா படுத்தே விட்டார், அளவெடுக்கிறாராம். காவலாளி வந்து எழுப்பினார். அடுத்த கூடத்தில் கண்ணாடிச் சாடிகள் வரிசையாக இருந்தன. வெளுத்த தண்ணீருக்குள் பாம்பு, மீன், என்னென்னவோ சதைத் துண்டுகள். அக்காவும் மாமாவும் ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள். என் மனைவி ஒரு சாடி முன்னால் நின்றாள். பிறகு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட எடுத்தாங்களே, அதையும் இந்த மாதிரிதான் பாட்டில்ல போட்டு வச்சிருப்பாங்களா?"

எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு என் வாயில் தயாராக இருக்கும். கடையில் கடன் கேட்டு வருகிறவனையும் சிரிக்க வைத்தே அனுப்பிவிடுவேன். அன்றைக்கு அது உதவாது. அவள் கையைப் பிடிக்கலாம் என்று பார்த்தால் பின்னால் அக்கா குரல்.

"இன்னா, ரெண்டு பேரும் இங்க குந்திக்கினு? உள்ள ரெண்டு தல கன்னுக்குட்டி இருக்குதாம், வாங்க!"

அதற்குப் பிறகுதான் பூங்கா. நகரத்துக்கு நடுவில் ஒரு காட்டையே வேலி போட்டு வைத்த மாதிரி பெரிய பூங்கா. அதை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கிருந்து ஆஸ்பத்திரி ஆட்டோவில் போகிற தூரம். இவர்களை உள்ளே விட்டால் சுற்றி வரவே நேரமாகும், அந்த இடைவெளியில் நழுவிவிடலாம் என்று கணக்கு. பக்கத்திலேயே பாம்புப் பண்ணையும் இருந்தது. அவசரத்துக்கு அதிலும் அடைத்து வைக்கலாம்.

டிக்கெட் என்றதும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மரத்தப் பாக்கறதுக்கா? நம்ம கோமுகி டேம் பார்க்குல எவன் டிக்கெட் கேக்கறான்?"

"மானு இருக்குது மாமா. கொரங்கு இருக்குது."

"மலையில கொரங்கு எம் பையில கைய வுட்டு மொறுக்க எடுத்துக்கினு போவுது. அது எனக்குல்ல டிக்கெட் குடுக்கணும்."

உள்ளே போனதும் அக்கா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தாள். நிழல், காற்று, வயிற்றில் சோறு. மாமா துண்டை விரித்துச் சாய்ந்தார். புல்தரையெங்கும் ஆட்கள் செத்த காலேஜில் பார்த்த மாதிரி அசையாமல் கிடந்தார்கள். எனக்கும் கண் சொக்கியது, ராத்திரி முழுக்க முழித்த கண். தூங்கினால் தீர்ந்தது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்தாள். "அண்ணி கை மணம் நல்லாத்தான் இருக்குது" என்று அக்கா கேட்கும்படி சொல்லவும் மறக்கவில்லை.

மூன்று மணி தாண்டியது. நான் எழுந்து, "அக்கா, நீங்க மான் பாத்துக்கினு இருங்க, நாங்க ஒரு நடை..." என்று ஆரம்பித்தேன். அக்கா இருந்த இடத்தில் இல்லை, மாமாவையும் துண்டோடு காணோம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய புளியமரம். அதன் கீழே குனிந்து நின்று பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதிர்ந்த பழம் உதிர்ந்து பாதையெல்லாம் கிடக்கிறது, பட்டணத்து ஆட்கள் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு போகிறார்கள். மாசி மாதத்தில் இதை என் அக்காவால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? மடி நிறைந்து, மாமாவின் துண்டும் நிறைந்திருந்தது. மாமாவும் கொம்பைப் பார்த்து, "நல்ல செம்புளி, நார் கம்மி" என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பக்கம் பொறுக்கினார். நான் ஓடுவதற்குள் அக்கா கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு கல்லால் ஓடு தட்டிக் கொட்டை எடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். பூங்காவின் நடுவில் கச்சிராயபாளையம் வந்து உட்கார்ந்துவிட்டது.

காக்கிச் சட்டையில் ஒரு காவல்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் பிரம்பு.

"இன்னாம்மா பண்றீங்க?"

"பாத்தா தெரியலியா? குந்து, நீயும் ரெண்டு தட்டு."

"இங்க இலையக் கூட எடுத்துக்கினு போவக் கூடாதும்மா. ரூல்ஸு."

"மரத்துல ஏறினனா? கொம்ப ஒடச்சனா? வுழுந்ததத்தான பொறுக்கறேன்?"

மாமா முன்னால் வந்தார். "தோ பாருங்க சார், மலையில பாரஸ்ட்டு ஆளுங்களே சொல்லுவாங்க, வுழுந்தது பொறுக்கறவனுக்குன்னு. மிதிச்சி வீணாக்கறவன வுட்டுட்டு எங்கள கேக்கறீங்க?"

"மலையில இருக்கலாம். இங்க கெடையாது. எழுந்திரிங்க, ஆபீசுக்கு வாங்க."

"வரேன், வந்து ஒங்க பெரியவர்கிட்டயே கேக்கறேன், பொருள மண்ணாக்கறது எந்த ஊரு ரூல்ஸுன்னு!" அக்கா மடியைக் கட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் அவளே நடந்தாள்.

ஆபீஸ் என்பது வாசல் பக்கம் ஓடு வேய்ந்த ஓர் அறை. பெரியவர் வெளியே போயிருந்தார். அக்காவும் மாமாவும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரம் மூன்றரையை நெருங்கியது. என் மனைவி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்ற கவலை எனக்கு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு வெளிச்சம்தான் வந்தது.

"அக்கா, நீ கவலப்படாத. அடையாறுல எனக்குத் தெரிஞ்ச பெரிய ஆபீசர் ஒருத்தர் இருக்காரு. போய் இட்டுக்கினு வரேன்."

"போ. அவ எதுக்கு? அவ இருக்கட்டும் எனக்குத் தொணையா."

"அந்த வூட்டம்மாவுக்கு இவளத்தான் நல்லா தெரியும்."

என் மனைவி பெரிய ஆபீசர் வீட்டம்மாவை நல்லாத் தெரிந்தவள் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தாள். இவ்வளவில் முடிந்திருக்கும். காவல்காரர் நல்லவராக இருந்து தொலைத்ததுதான் சிக்கல்.

"சார், சார்," என்று அவர் என்னை வெளியே அழைத்துவந்தார். "எதுக்கு சார் பெரிய ஆளுங்கள எல்லாம் இட்டாறீங்க? நான் சும்மா ஒரு மெரட்டு மெரட்டுனேன். அத இங்கயே கொட்டிட்டு எல்லாரும் கெளம்புங்க."

"இல்லண்ணே, வுடாதீங்க."

"இன்னாது?"

"எங்கக்காவ ஒரு மணி நேரம் புடிச்சி வைங்க. புண்ணியமாப் போவும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொத்துத் தகராறா?"

அப்போதுதான் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாதது, அக்காவிடம் மறைத்தது, கூட்டாளி ஒருத்தனிடமும் வாய் திறக்காதது எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒரு காக்கிச் சட்டையிடம், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். நாலைந்து வாக்கியம்தான் இருக்கும்.

"எத்தினி மணிக்கு வரச் சொன்னாங்க?"

"நாலுக்கு."

"அப்ப இன்னும் இங்க நின்னுக்கினு இன்னா பண்ற நீ? போ!" 'சார்' போய் 'நீ' வந்ததும் எனக்கு எப்படியோ தெம்பாக இருந்தது. அவரே ஓடி ஓர் ஆட்டோவை நிறுத்தினார். நாங்கள் ஏறும்போது உள்ளே அவர் குரல் அதட்டிக்கொண்டிருந்தது: "யம்மா! பெரியவர் வர்ற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது, ஆமாம்!"

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. நடந்து நடந்து என் குதிகால் வெடித்திருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையின் குளிர்ச்சியில் காலை வைத்தேன். எதிரே சுவரில் மாட்டிய படத்தில் ஒரு குழந்தை விரலை உதட்டில் வைத்துச் சத்தம் போடாதே என்றது. அவள் என் சட்டை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள், பொத்தான் ஒன்று கழன்று கையோடு வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டர் அம்மா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வந்துட்டீங்களா? பயப்பட ஒண்ணும் இல்ல. சாதாக் கட்டி. கெட்டது எதுவும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க, போதும்."

நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

"புரிஞ்சுதா? ஒண்ணுமில்லம்மா."

"நெஜமாங்களா?" என்றாள் இவள்.

"நெஜமா. அதுக்குத்தான் நேர்ல வரச் சொன்னேன். ஆள் மூலமா சொன்னா நீங்க யாரும் நம்பறது இல்ல." எழுந்து கையைக் கழுவப் போனவர் திரும்பிப் பார்த்து, "அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, மெட்ராஸ சுத்திப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

அந்த வார்த்தையில்தான் என் மனைவி உடைந்தாள். ஆஸ்பத்திரிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வாரமாக, இல்லை, அதற்கும் முந்தி அடுப்பங்கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளிலிருந்து சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் பாவம் என்று பார்த்துப் போனார்கள். ஒரு பாட்டி தண்ணீர் கொடுத்து, "தைரியமா இரு கண்ணு" என்றாள். நல்ல சேதிதான் என்று நான் சொல்வதற்குள் பாட்டி நகர்ந்துவிட்டாள். திரும்புகிற ஆட்டோவில் அழுவது என் முறை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

பூங்கா வாசலில் காவல்காரர் எங்களுக்காக வெளியிலேயே நின்றிருந்தார். இவள் கண்ணும் மூக்கும் வீங்கிச் சிவந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. நான் தலையை ஆட்டினேன், இல்லை, ஒன்றுமில்லை, நல்ல சேதி. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு கும்பிடு போட்டார். அடுத்த நொடியே என் காதருகே வந்தார்.

"சீக்கிரம் இட்டுக்கினு போயிடு. ஒங்கக்காவால முடியல. நான் ஏன் ரெண்டாவது பொண்ணுக்கு இன்னும் மாப்ள பாக்கலன்னு கேட்டு உசுர எடுக்குது."

உள்ளே அக்கா எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "எங்கடா ஒம் பெரிய ஆபீசரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் காவல்காரர் முந்திக்கொண்டார். "அவரு பெரியவர்கிட்ட போன்ல பேசிட்டாராம்மா. வுட்டுடச் சொல்லிட்டாங்க. புளிய மட்டும் கொட்டிட்டுக் கெளம்புங்க."

அக்கா அதற்கு ஒரு சண்டை போட்டிருப்பாள். அதற்குள் என் பின்னால் நின்றவளைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா... இன்னாம்மா இது? கண்ணு ஏன் இப்பிடி வீங்கிப் போயிருக்குது?" கிட்டே வந்து முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். "என்னப் புடிச்சி வச்சிட்டாங்கன்னா? எனக்காவா அழுத?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, அந்த வேலையை நான்தான் பார்த்துக்கொள்வது வழக்கம். "ஆமாங்க அண்ணி" என்றாள். சொன்னதும் அவளுக்கு நிஜமாகவே மறுபடியும் அழுகை வந்துவிட்டது. அக்கா தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அக்காவும் அழுதாள். மாமா துண்டை உதறிக்கொண்டே, "மச்சான், என்னையுந்தான் புடிச்சி வச்சாங்க, எனக்கு யாராச்சும் அழுதீங்களா?" என்று கேட்டார்.

ஊருக்குப் போகிற பஸ்ஸில் மூன்று பேருக்குத்தான் இடம் கிடைத்தது. நான் டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடிமேல் உட்கார்ந்தேன். கீழே அடுப்பு மாதிரிச் சூடு. தாம்பரம் தாண்டுவதற்குள் கண் இழுத்துக்கொண்டு போனது. உடம்பில் எந்தப் பாகம் வலிக்கவில்லை என்று தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஆனால் அந்த வலியில் எதுவுமே கனக்கவில்லை. தலை தொங்கி டிரைவர் கை மேல் ஒரு தரம் இடித்து, அவர், "யோவ்!" என்றபோது பின்னாலிருந்து அக்காவின் குரல் மொத்த பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"டேய் தம்பி! தூங்கறியா? ஊரான் வூட்டுப் பொண்ணு எனக்காவ கண்ணு வீங்க அழுதுட்டு வந்து நிக்கிறா. கூடப் பொறந்தவன் நீ, ஒரு சொட்டு தண்ணி வுட்டியாடா எனக்காவ?"

பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. டிரைவரும் ஒரு கண்ணால் பார்த்தார்.

"இல்லக்கா" என்றேன்.

"அதான பாத்தேன்! இத்தினி வருசமா இவளத்தான் நான் வேற மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன்."

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. அது எந்தக் குலுக்கல் என்று எனக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் என் வேடிக்கைப் பேச்சைக் கேட்டு இப்படித்தான் குலுங்குவாள். அக்காவுக்குத் தெரியவில்லை. அவளைத் தோளோடு சேர்த்து அணைத்து, முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"போதும் வுடும்மா, அழுதது போதும். அதான் வெளிய வுட்டுட்டாங்க இல்ல."